பங்காளிகளும் பட்ஜெட்டும்

கேள்வி: காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. இனியாவது பட்ஜெட் போடுவதில் பொதுமக்கள் பங்கேற்பு வருமா? நகரம் நீடித்து நிற்க அதுதானே வழி?
– ஒரு வாசகர், செக்காலை

பதில்: பங்கேற்பு என்று இந்தப் பக்கம் உரக்கச் சொல்லாதீர்கள், பங்குக்காரர்கள் வந்துவிடுவார்கள். எங்கள் தெருவில் ஒரு வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். பங்கு நாற்பதுக்கு மேல். இரண்டாம் கட்டில் ஓடு சரிந்து மழைத்தண்ணீர் அறைக்குள் இறங்குகிறது என்று பங்காளிகள் வீட்டு உள்முற்றமான வளவில் கூடினார்கள். கோலாலம்பூர்க்காரர் போனில். முதல் ஒரு மணி நேரம் போனை யார் பிடிப்பது என்பதிலேயே போயிற்று. காபி இரண்டு தரம் வந்தது. அப்புறம் காபிச் செலவு யார் கணக்கு என்று கேட்டார் ஒருவர். கூட்டம் கலைந்தது. ஓடு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

இதே ஆட்கள்தான் கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடும் புள்ளி வரியைப் பேசாமல் கட்டுகிறவர்கள். அங்கே தொகை தெரியும், கணக்கு நோட்டும் கண்ணெதிரே இருக்கும்.

பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இல் நீங்கள் கேட்கும் பங்கேற்பைத்தான் செய்தது. பேட்டைவாரியாக மக்களைக் கூட்டி, இருக்கிற பணத்தில் எந்த வேலை முதலில் என்று வரிசைப்படுத்தச் சொன்னது. புனேயில் 2006-லிருந்து வார்டு வேலைகளுக்கு மக்களிடம் யோசனை கேட்கிறார்கள். நம் தமிழ்நாட்டிலும் 2022-இல் வார்டு கமிட்டி, வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபா இரண்டுக்கும் விதிகள் வந்தன. நான் போன ஒரு பகுதி சபாவில் மைக் இருந்தது, பொன்னாடை இருந்தது, கையெழுத்துப் போட நோட்டு இருந்தது. கையில் எவ்வளவு இருக்கிறது என்றேன். சாக்கடைப் புகார் இருந்தால் சொல்லுங்கள் என்றார்கள். இருப்பும் கடனும் காட்டும் ஐந்தொகை எடுக்காமல் அடுத்த வருடக் கணக்கைத் தொடங்குகிற கடை செட்டிநாட்டில் உண்டா?

சரி, என் பழைய புலம்பலுக்கு வருகிறேன், முகம் சுளிக்காதீர்கள். ஊருணி. கரையைச் சுற்றி நடைபாதை போட்டு, விளக்கும் வைத்து, தண்ணீர் வந்து சேரும் வரத்துக்காலைச் சிமென்ட்டால் அடைத்த புண்ணியவான்களோடு எனக்குப் பல வருடச் சண்டை. மழை பெய்தால் தெருவில் முழங்கால் தண்ணீர், ஊருணிக்குள் ஆடு மேய்கிறது. நடைபாதை யார் கேட்டது என்று விசாரித்தேன். ‘பொதுமக்கள் கோரிக்கை’ என்று எழுதியிருக்கிறதாம்.

காலையில் நானும் அங்கேதான் நடக்கிறேன். சர்க்கரை.