வலிப்பு மாத்திரை கொடுத்தால் லுடீஷியம் சிகிச்சை பலிக்குமா?

கேள்வி: என் அக்காவுக்கு 38 வயது. மெடுல்லரி தைராய்டு புற்றுநோய். ஆபரேஷனுக்குப் பிறகும் ரத்தத்தில் கால்சிடோனின் என்ற ஹார்மோன் ஏறிக்கொண்டே போகிறது. டோட்டாடேட் பெட் ஸ்கேனில் கட்டிகள் மங்கலாகத் தெரிவதால் லுடீஷியம் சிகிச்சை பலன் தராது என்கிறார்கள். வலிப்புக்கான வால்ப்ரோயிக் ஆசிட் மாத்திரை, கட்டி செல்களில் மருந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளைக் கூட்டும் என்று படித்தேன். சில வாரம் கொடுத்துவிட்டு மறுபடி ஸ்கேன் எடுக்கலாமா? கதிரியக்க அயோடினையாவது கொடுக்கக் கூடாதா?

பதில்: நீங்களாக அந்த மாத்திரையைத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் படித்தது கட்டுக்கதை அல்ல.

அயோடின் இங்கே உதவாது. இந்தப் புற்றுநோய் தைராய்டின் சி செல்களில் பிறக்கிறது. அவை அயோடினை உறிஞ்சுவதில்லை, கால்சிடோனினைச் சுரப்பவை. அதனால்தான் வேறு வாசலைத் தேடுகிறோம். அந்த வாசல்தான் சொமாட்டோஸ்டாடின் ஏற்பி, குறிப்பாக அதன் 2-ஆம் வகை. டோட்டாடேட் என்ற மூலக்கூறு அதில் போய் ஒட்டிக்கொள்ளும். காலியம்-68 சேர்த்தால் படம் கிடைக்கும், லுடீஷியம்-177 சேர்த்தால் கதிர்வீச்சு கட்டிக்குள்ளேயே போய்ச் சேரும். ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் குடல், கணைய நரம்பு நாளமில்லாக் கட்டிகளுக்கு அமெரிக்காவில் 2018-இல் இதற்கு அனுமதி கிடைத்தது. மெடுல்லரியில் ஏற்பிகள் பெரும்பாலும் குறைவு. ஒரே ஆளின் உடம்பில்கூட ஒரு கட்டி பளிச்சென்றும் இன்னொன்று மங்கலாகவும் இருக்கும். கட்டி கல்லீரலைவிட நன்றாக ஒளிர்ந்தால்தான் நாங்கள் லுடீஷியத்தைப் பற்றி யோசிப்போம். அணு மருத்துவத்தில் இருக்கும் எனக்கு, மங்கலான படத்தைப் பார்த்து 'இது வேண்டாம்' என்று சொல்வதைவிட வருத்தமான வேலை இல்லை.

சரி, மாத்திரை எங்கே வருகிறது? நம் டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்ற புரதத்தின் மேல் நூல்கண்டு போலச் சுற்றியிருக்கிறது. இறுக்கமாகச் சுற்றிய இடத்தில் உள்ள மரபணு பேசாது. வால்ப்ரோயிக் ஆசிட், புற்றுநோய் மருந்தான ரோமிடெப்சின் போன்றவை அந்த இறுக்கத்தைக் காக்கும் நொதியைத் தடுக்கின்றன. சுற்று தளர்ந்ததும், அடங்கிக் கிடந்த ஏற்பி மரபணு மறுபடி வேலை செய்யத் தொடங்குகிறது. ஆய்வகத்தில் வளர்த்த மெடுல்லரி செல்களில் இப்படி ஏற்பிகள் கூடுவதைக் கண்டிருக்கிறார்கள். எனக்கும் இதில் நம்பிக்கை உண்டு. ஆனால் செல்லில் ஏற்பி கூடுவது வேறு, நோயாளியின் ஆயுள் கூடுவது வேறு. இரண்டாவது இன்னும் நிரூபணமாகவில்லை.

இன்னொரு ஆபத்தை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த மருந்துகள் செல்லின் சுபாவத்தையே மாற்றுவதால், கால்சிடோனின் சுரப்பும் குறையக்கூடும். ரிப்போர்ட்டில் எண் இறங்கும், கட்டி அப்படியே இருக்கும். நோய் குறைந்துவிட்டது என்று நீங்கள் நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். அப்புறம், வால்ப்ரோயிக் ஆசிட் கல்லீரலைப் பாதிக்கலாம், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைக்கலாம். லுடீஷியமும் தட்டணுக்களைக் குறைக்கும். அக்காவின் வயதில் கர்ப்பத்தையும் யோசிக்க வேண்டும்; இந்த மருந்து கருவுக்குக் கடும் தீங்கு செய்யும். ரத்தப் பரிசோதனையும் கண்காணிப்பும் இருக்கும் மருத்துவ ஆய்வில் சேர வாய்ப்பிருந்தால் மட்டும், ஆய்வு மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள்.

அதற்கு முன் டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். கால்சிடோனினும், இந்த நோயைக் காட்டும் இன்னொரு ரத்தக் குறியீடான சிஇஏவும் (CEA) இரட்டிப்பாக எத்தனை மாதம் ஆகிறது? மெதுவாக ஏறினால், உடனே எதுவும் செய்யாமல் கவனித்து வருவதே சரியாக இருக்கலாம். கட்டியில் ரெட் (RET) என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தார்களா? இருந்தால், அதையே குறிவைக்கும் செல்பெர்காட்டினிப் என்ற மருந்து 2020 முதல் இருக்கிறது. மங்கலான ஸ்கேனோடு போராடுவதைவிட, இன்றைக்கு அந்த வழிக்கே என் ஓட்டு.

கடைசியாக, இது உங்களுக்கு. மெடுல்லரி நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இது பரம்பரையாக வருகிறது. அக்காவின் ரத்தத்திலும் ரெட் சோதனை செய்யச் சொல்லுங்கள். அதில் மாற்றம் இருந்தால், கூடப்பிறந்த உங்களுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நீங்களும் சோதித்துக்கொள்ளுங்கள்.