பாடகர் ஸெகி மியூரெனைத் துருக்கியர்கள் ஏன் ‘கலையின் சூரியன்’ என்கிறார்கள்? அவர் பாட்டுகளைக் கேட்க எங்கே தொடங்கலாம்?

இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது அவருடைய மினுமினுக்கும் உடைகளும் பெரிய மோதிரங்களும்தான். தயவுசெய்து அங்கே தொடங்காதீர்கள். துருக்கி அவரைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிட்டது.

1931இல் பர்சா நகரில் பிறந்தவர். இஸ்தான்புல் நுண்கலைக் கல்லூரியில் அலங்காரக் கலை படித்துக்கொண்டே 1950இல் வானொலித் தேர்வுக்குப் போய், 186 பேரில் முதலிடம் பெற்றார். 1951 ஜனவரி 1 அன்று, பாட வேண்டிய மூத்த பாடகிக்கு உடம்பு சரியில்லாமல் போகவே, இஸ்தான்புல் வானொலியில் இவர் நேரலையில் பாடினார். ஒரே இரவில் பெயர் பரவியது. காரணம் உச்சரிப்பு. பழைய துருக்கிப் பாடல்களில் அரபு, பாரசீகச் சொற்கள் நிறைய; அவற்றின் நெடிலைக் குறிலாக்கிவிடுவது பாடகர்கள் சாதாரணமாகச் செய்யும் பிழை. இவர் ஓர் அசையைக்கூட விழுங்க மாட்டார். துருக்கி மொழி படிப்பவர்களுக்கு இவரைவிட நல்ல வாத்தியார் கிடைப்பது கடினம்.

1955இல் ‘மனோல்யாம்’ பாட்டுக்குத் துருக்கியின் முதல் தங்க இசைத்தட்டு கிடைத்தது. உடைகள் அதன்பின் மேடையில் வந்தவை. பெரும்பாலானவை அவரே வரைந்தவை. படித்த படிப்பு வீணாகவில்லை. ரசிகர்களுக்கு நடுவே நீளும் ‘டி’ வடிவ மேடையும், வாத்தியக்காரர்களுக்கு ஒரே மாதிரி உடையும் அவர் கொண்டுவந்த பழக்கங்கள்.

இனி கேட்கும் விஷயம். துருக்கிச் செவ்விசையில் நம் ராகத்தின் இடத்தில் இருப்பது மகாம். முதலில் நிஹாவெந்த் மகாமில் அமைந்த பாடல்களை எடுங்கள். மேற்கத்திய மைனர் ஸ்கேலுக்கு நெருக்கமானது, காது உடனே பழகும். அடுத்து உஷ்ஷாக். இங்கேதான் பலர் “சுருதி விலகுகிறதே” என்று நிறுத்திவிடுகிறார்கள். விலகவில்லை. அந்த இசையில் ஒரு முழு ஸ்வர இடைவெளியை ‘கோமா’ என்ற 9 நுண் பகுதிகளாகப் பிரிப்பார்கள். உஷ்ஷாக்கின் இரண்டாம் ஸ்வரம், ஏட்டின்படி, முதல் ஸ்வரத்திலிருந்து 8 கோமா மேலே. பாடும்போது, முக்கியமாக அவரோகணத்தில், இன்னும் இறக்குவார்கள். பியானோவில் அதற்குக் கட்டையே கிடையாது. கூடவே ஒலிக்கும் ‘கானூன்’ என்ற தந்தி வாத்தியத்தையும் ‘நெய்’ என்ற நாணல் குழலையும் கவனித்தால் எல்லோரும் அதே இடத்தில் நிற்பது தெரியும்.

தாளத்தில் தடுக்குவது ‘அக்சாக்’ என்ற ஒன்பது எண்ணிக்கைத் தாளம். எட்டாக எண்ணினால் ஒவ்வொரு சுற்றிலும் நழுவும். 2+2+2+3 என்று ஒன்பதாகத் தட்டுங்கள், உட்கார்ந்துவிடும்.

பதிவுகளையும் காலம் பார்த்து எடுக்க வேண்டும். 1950களின் 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கொள்ளும். பாட்டு இறுக்கமாக, குரல் இளமையாக இருக்கும். 1980களின் தொடக்கத்தில் வந்த ‘கஹிர் மெக்துபு’ ஒரே பாட்டாக இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஓடுகிறது. குரல் கனத்திருக்கும், அரபு இசையின் சாயல் கொண்ட ‘அரபெஸ்க்’ என்ற ஜனரஞ்சகப் பாணி நுழைந்திருக்கும். முன்னதைக் கேட்காமல் இதற்குப் போனால் அவர் விட்டுவந்தது என்னவென்று புரியாது.

கடைசியாக 1996 செப்டம்பர் 24, இஸ்மிர் தொலைக்காட்சி நிலையம். 1951இல் அவர் முதன்முதலாகப் பாடிய ஒலிவாங்கியைப் பரிசாகக் கையில் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் மாரடைப்பு, அன்றே போய்விட்டார். சொத்தைத் துருக்கிக் கல்வி அறக்கட்டளைக்கும் படைவீரர் அறக்கட்டளைக்கும் எழுதிவைத்திருந்தார். போத்ரூம் என்ற கடலோர ஊரில் அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அந்த உடைகளை அங்கே போய்ப் பாருங்கள், பாட்டுகளைக் கேட்ட பிறகு.