60×60 என்று எழுதிய பைனாகுலரை வாங்கலாமா?

கேள்வி: உரிமம் பெற்று ஆண்டுக்கு ஓரிரு வாரம் மான் வேட்டைக்குப் போகிறேன். மற்ற நாட்களில் மலையேற்றமும் பறவை பார்ப்பதும்தான். அதிகம் செலவழிக்க வசதியில்லை. ஏறக்குறைய ஒரே விலையில் மூன்று பைனாகுலர்கள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கைக்கு அடக்கமான 10×25, இன்னொன்று 8×42, மூன்றாவது 60×60. பெரிய எண் உள்ளதுதானே நல்லது? நான் மூக்குக்கண்ணாடி அணிபவன்.

பதில்: 8×42-ஐ வாங்குங்கள். 60×60-ஐ இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 80 மீட்டரில் நிற்கும் மானை 8 மடங்கு பைனாகுலரில் பார்த்தால் 10 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும். இரண்டாவது எண், முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். கண் வைக்கும் பக்கம் வெளிவரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8×42-க்கு அது 5.25 மி.மீ.; 10×25-க்கு 2.5 மி.மீ.தான்.

நம் கண்ணின் பாவை உச்சி வெயிலில் இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். அப்போது 10×25 குறை வைக்காது. இருட்டத் தொடங்கினால் பாவை விரியும். இளைஞர்களுக்கு ஏழு மில்லிமீட்டர் வரை, ஐம்பதைத் தாண்டியவர்களுக்குச் சுமார் ஐந்து. மான் வெளியே வருவதோ விடியலிலும் அந்தியிலும். அந்த வேளையில் கண் ஐந்து மில்லிமீட்டருக்கு வாய் திறந்து காத்திருக்க, சின்னப் பைனாகுலர் இரண்டரைதான் ஊட்டும். மரநிழலில் நிற்பது கலைமானா, பெண்மானா என்று தெரியாமல் திண்டாடுவீர்கள்.

இனி அந்த அறுபதுக்கு வருவோம். பத்து மடங்குக்கு மேல் போனாலே கை நடுக்கமும் அதே மடங்கில் பெரிதாகி, முக்காலி கேட்கும். உண்மையிலேயே அறுபது மடங்கு பெருக்குவதைக் கையில் பிடித்துப் பார்க்க யாராலும் முடியாது. மலிவுப் பைனாகுலரில் அச்சிட்டிருக்கும் அறுபது பெரும்பாலும் பொய். நானும் ஒருமுறை இப்படியொன்றை வாங்கி ஏமாந்தவன். வீட்டுக்கு வந்து அளந்தபோது எட்டு மடங்குகூடத் தேறவில்லை.

அளப்பது எளிது. பைனாகுலரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான வானத்துக்கு நேரே காட்டுங்கள் (சூரியன் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்). கண் வைக்கும் லென்ஸில் சின்னதாக ஒரு வெள்ளை வட்டம் மிதக்கும். அதன் விட்டத்தை அடிக்கோலால் அளந்து, முன்பக்க லென்ஸின் விட்டத்தை அதனால் வகுத்தால் உண்மையான மடங்கு கிடைத்துவிடும். முன்லென்ஸ் 40, வட்டம் 5 என்றால் எட்டு மடங்கு. பெட்டியில் எதை அச்சிட்டிருந்தாலும் சரி. அடிக்கோலோடு கடைக்குப் போகக் கூச்சப்படாதீர்கள். மடங்கைக் கூட்டிக் குறைக்கும் ஜூம் வகையையும் இந்த விலையில் தொடாதீர்கள். பார்வைப் பரப்பு குறுகும், இரண்டு குழல்களும் ஒத்துப்போகாது.

10×42 ஏன் கூடாது என்று கேட்பீர்கள். வெட்டவெளியில் எதிர்மலைச் சரிவைத் துழாவுபவர்களுக்கு அது நல்ல கருவிதான். மரங்கள் அடர்ந்த இடத்தில் எட்டுதான் கை கொடுக்கும். 1,000 மீட்டர் தொலைவில் 8×42 ஏறத்தாழ 130 மீட்டர் அகலத்தைக் காட்டும்; 10×42 பெரும்பாலும் 110 மீட்டரை ஒட்டியே நிற்கும். கிளைக்குக் கிளை தாவும் பறவையைத் தேடும்போது அந்த வித்தியாசம் புரியும். தவிர, மலிவு லென்ஸில் மடங்கு கூடக்கூட அதன் குறைகளும் கூடவே பெரிதாகும்.

ஒரே எண் எழுதிய இரண்டு பைனாகுலர்களில் ஒன்று பளிச்சென்றும் இன்னொன்று மங்கலாகவும் இருப்பதற்குப் பெரும்பாலும் லென்ஸ் மீதுள்ள பூச்சுதான் காரணம். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 4 சதவீத ஒளி திரும்பிப் போய்விடும். ஒரு குழலுக்குள் இப்படிப் பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி கண்ணுக்கு வந்து சேராது. 'கோட்டட்' என்று மட்டும் போட்டிருந்தால் ஏதோ ஒரு பரப்பில் ஓர் அடுக்கு என்று பொருள். 'ஃபுல்லி மல்டி கோட்டட்' என்றால் எல்லாப் பரப்பிலும் பல அடுக்குகள். இரண்டாவதைத்தான் கேளுங்கள். விளக்கின் பிம்பம் முன்லென்ஸில் மங்கிய பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் நல்லது, வெள்ளை வெளேரென்று தெரிந்தால் பூச்சில்லை. ரத்தச் சிவப்பாக மின்னும் லென்ஸ் பார்க்க அழகு. சிவப்பு ஒளியைத் திருப்பியனுப்பிவிட்டு மிச்சத்தைத்தான் நமக்குத் தரும்.

தலைகீழான பிம்பத்தை நிமிர்த்தித் தர உள்ளே இருக்கும் கண்ணாடிப் பட்டகமான பிரிஸத்தில் இரண்டு வகை உண்டு. நேர்க்குழலாக இருப்பது ரூஃப் பிரிஸம். தோள் அகன்று, முன்லென்ஸ்கள் விலகி இருப்பது போரோ. 1854-இல் காப்புரிமை பெற்ற இத்தாலியர் இக்னாசியோ போரோவின் பெயர். ரூஃப் பிரிஸத்தை மிகத் துல்லியமாகச் செதுக்க வேண்டும், அதற்கென்று தனிப் பூச்சும் வேண்டும். விலையைக் குறைப்பவர்கள் கை வைப்பது அங்கேதான். ஆகவே கையில் காசு குறைவென்றால் என் ஓட்டு போரோவுக்கு. பருமன் கூடுதல், மழைக்குத் தாங்குபவை குறைவு என்ற இரண்டு குறைகள் அதற்கு உண்டு. ஈரக் காட்டில் நாள் முழுக்க நனைவீர்கள் என்றால் மட்டும் நைட்ரஜன் நிரப்பி அடைத்த ரூஃப் வகையைத் தேடுங்கள்; லென்ஸின் உட்புறம் பனி படியாது.

கண்ணாடி அணியும் உங்களுக்குக் கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவே இடம் வேண்டும். 'ஐ ரிலீஃப்' என்ற அளவு 16 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கண்குவளையை மடித்தோ இறக்கியோ விட்டு, கண்ணாடியோடு பாருங்கள். காட்சி முழு வட்டமாகத் தெரியாவிட்டால் கீழே வைத்துவிடுங்கள்.

கடையிலேயே இன்னொன்றும் செய்யுங்கள். வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்க வளையத்தால் வலக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இதைச் செய்யாமலே பைனாகுலரைத் திட்டுபவர்கள் அதிகம். அதன்பின் தொலைவில் ஒரு கூரை விளிம்பை ஐந்து நிமிடம் பாருங்கள். விளிம்பு இரண்டாகப் பிரிந்தாலோ கண் வலித்தாலோ இரு குழல்களும் நேராக இல்லை. அதே மாடலில் வேறொன்றைக் கேளுங்கள்.

துப்பாக்கியின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் ஸ்கோப் இருக்கும்போது பைனாகுலர் எதற்கு என்ற எண்ணம் வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். ஸ்கோப்பால் தேடுவது, இன்னதென்று தெரியாத ஒன்றின் மேல் துப்பாக்கியை நீட்டுவது. புதருக்குப் பின்னால் இருப்பது இன்னொரு மனிதனாகவும் இருக்கலாம்.

முக்கால் கிலோவை ஒட்டிய எடையைக் கழுத்துவாரில் நாள் முழுக்கத் தொங்கவிட்டால் பிடரி வலிக்கும். முதுகில் குறுக்காக ஓடும் தோள்பட்டை வார் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் ஈரம் காயும்வரை வெளியில் வைத்து, பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போடுங்கள். ஈரத்தோடு உறையில் அடைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். உட்புறம் பிடித்துவிட்டால் மலிவுப் பைனாகுலரைப் பிரித்துச் சுத்தம் செய்யும் கூலிக்குப் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம்.