சராசரிக்கு வெளியே இருப்பது நோயல்ல

கேள்வி: வயது 52. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன். அலுவலகத்தில் குலுக்கல் முறையில் 100 பேரைத் தேர்ந்தெடுத்து அழுத்தம் பார்த்தார்கள். மேல் அளவின் சராசரி 131, திட்ட விலக்கம் 15, 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 128 முதல் 134 வரை. எனக்கு 142. நான் ஆபத்தான ஐந்து சதவீதத்தில் இருக்கிறேனா? இணையத்தில் படித்துவிட்டு மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாகக் கூட்டிக்கொண்டேன். தூக்கமில்லை, இமை துடிக்கிறது, எழும்போது கண் இருட்டுகிறது.

பதில்: கடிதத்தின் கடைசி மூன்று சொற்களை முதலில் எழுதியிருக்க வேண்டும். எழும்போது கண் இருட்டுவது, நீங்களாகக் கூட்டிய மாத்திரையின் வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உட்கார்ந்து ஒருமுறை, எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மீண்டும் அளந்து பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், விழுந்து எலும்பை முறித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. குறையாவிட்டாலும் இன்றே உங்கள் மருத்துவரை அழைத்து, கூட்டியதை மறைக்காமல் சொல்லுங்கள். எழுதிக்கொடுத்த அளவுக்குத் திரும்புங்கள். பயந்துபோய் மொத்தமாக நிறுத்திவிடவும் வேண்டாம். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

இமைத் துடிப்பை மறந்துவிடுங்கள். தூங்கினால் பெரும்பாலும் அதுவே போகும்.

இனி அந்த ஐந்து சதவீதம். அப்படி ஒரு கூட்டமே உங்கள் அலுவலகத்தில் இல்லை. 128 முதல் 134 வரை என்பது ஊழியர்களின் சராசரியைப் பற்றிய மதிப்பீடு. ஊழியர்களைப் பற்றியது அல்ல. திட்ட விலக்கம் என்பது தனி அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் எண். அந்த 15ஐ, 100இன் வர்க்கமூலமான 10ஆல் வகுத்தால் 1.5. அதை 1.96ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 3. சராசரி 131இலிருந்து அதைக் கழித்தால் 128, கூட்டினால் 134. இதே முறையில் திரும்பத் திரும்ப 100 பேரை எடுத்து இடைவெளி கணக்கிட்டால், நூற்றில் சுமார் 95 இடைவெளிகள் உண்மைச் சராசரியை உள்ளடக்கும். 95இன் பொருள் இதுதான். 400 பேரை அளந்திருந்தால் இடைவெளி பாதியாகச் சுருங்கும். 'வெளியே' நிற்பவர்கள் பெருகுவார்கள், ஒருவருக்கும் புதிதாக நோய் வராமலே!

தனி மனிதர்களின் அளவுகள் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்று அறிய 15ஐ அப்படியே 1.96ஆல் பெருக்க வேண்டும். அளவுகள் இயல்நிலைப் பரவலில், அதாவது நடுவில் பலரும் இரு ஓரங்களில் சிலருமாக மணி வடிவில் இருந்தால், சுமார் 95 சதவீதம் பேர் 102க்கும் 160க்கும் இடையில் வருவார்கள். உங்கள் 142 அதற்குள் சாதாரணமாக அடங்கிவிடுகிறது. அதற்காக 142 நல்லது என்று நான் சொல்லவில்லை. பலருக்கு இருப்பதாலேயே ஓர் அளவு ஆரோக்கியமானதாகிவிடாது.

மருந்தைத் தீர்மானிக்க வேண்டியது உங்கள் சொந்தச் சராசரி. பழைய மாத்திரை அளவில், ஒரு வாரம், காலையும் மாலையும் ஐந்து நிமிடம் அமர்ந்தபின் ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றுக்குச் சராசரி எடுங்கள். அது 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் மருந்தை மாற்றுவது பற்றி மருத்துவர் யோசிப்பார். பதற்றம் வரும்போது மட்டும் அளந்து சேர்த்த பட்டியலைக் கொண்டுபோகாதீர்கள். கணக்குக்கு எடுத்த அளவுகளே ஒருபக்கம் சாய்ந்திருந்தால் எந்தச் சூத்திரமும் அதை நிமிர்த்தாது.