கேளுங்கோ, சொல்லுறன்: சந்தையில ஆர் கடன் தருவினம்?

போன முறை ஒரு வாசகருக்கு "பள்ளிக்கூடத்திலதானே சாப்பாடு குடுக்கினம், பேந்தென்ன கவலை" எண்டு ஒரு வரியில பதில் எழுதிப்போட்டு நல்லா வாங்கிக் கட்டினன். வந்த கடிதத்தில பாதி அதுக்கான ஏச்சு. அதால இந்த முறை முழுக்க அந்தச் சாப்பாட்டுக் கதைதான்.

கேள்வி: மகன் மூண்டாம் வகுப்பு. கிழமையில மூண்டு நாள் சோறு, பருப்பு, சோயா மீற். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில இருந்துகொண்டு, வளவுக்குள்ள முருங்கை, றோட்டைக் கடந்தா தோட்டம், கூப்பிடு தூரத்தில சந்தை, இருந்தும் பிள்ளையளுக்கு ஏன் இந்தப் பக்கற் சாப்பாடு? சமைக்கிற ஆக்கள் காசு அடிக்கினமோ?
- ஒரு அம்மா, உரும்பிராய்

பதில்: தங்கச்சி, அந்தக் கடைசி வரியை வெட்டிப்போட்டு அனுப்பியிருக்கலாம். எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒராள் 60 பிள்ளையளுக்குச் சமைக்கிறா, விடிய மூண்டரைக்கு எழும்பி. ஒருநாள் பாப்பமெண்டு நானும் போனன், போனது பிழை, கையில ஒரு கடகம் முருங்கையிலையைத் தந்து உருவச் சொல்லிப்போட்டா. 60 பேருக்கு வறை எண்டா ரெண்டு கடகம் வேணும். ராத்திரியே உருவி வைச்சா விடியேக்க வாடிக் கறுத்துப்போகும், அதால அந்த இருட்டுக்கதான் உருவ வேணும், நெட்டு இருந்தா பிள்ளையள் துப்பிப்போடுங்கள் எண்டு அதையும் பொறுக்க வேணும், அங்கால உலையும் பொங்குது, தேங்காயும் துருவேல்லை. சோயா மீற் எண்டா? சுடுதண்ணிக்க போட்டுப் பிழிஞ்சு எடுத்தாச் சரி.

வேலை ஒரு பக்கம், காசுக் கதைதான் பெரிசு. 2024 மார்ச்சில அரசாங்கம் ஆரம்பப் பிரிவுப் பிள்ளையள் எல்லாருக்கும் சாப்பாடு எண்டு தொடங்கேக்க ஒரு பிள்ளைக்கு ஒரு நேரத்துக்கு 110 ரூபா எண்டு கணக்குப் போட்டவை. 60 பிள்ளைக்கு நாளுக்கு 6,600 ரூபா, மாசத்தில 20 பள்ளி நாள் எண்டா 1,32,000. சாமானை முதல்ல அக்காதான் வாங்கிச் சமைக்க வேணும், அரசாங்கக் காசு பிறகுதான் வரும். அது ரெண்டு மாசம் பிந்தினா 2,64,000 ரூபா அந்த அக்கான்ர தலையில. அவ என்ன பாங்கோ?

இப்ப யோசிச்சுப் பாருங்கோ, பருப்பும் சோயா மீற்றும் ரின் மீனும் மூலைக்கடையில கொப்பியில எழுதி எடுக்கலாம், காசு வந்த பிறகு குடுக்கலாம். சந்தையில கீரைக்காரம்மா கொப்பி வைச்சிருக்கிறாவோ? சூடை மீன் விக்கிறவர் அடுத்த மாசம் தாங்கோ எண்டு விடுவாரோ? கையில காசு இருந்தாத்தான் பச்சைச் சாமான். காசு பிந்தப் பிந்தச் சட்டிக்குள்ள பக்கற் கூடும், அவ்வளவுதான். சாப்பாட்டு அட்டவணையில முட்டை, கீரை, மீன் எல்லாம் வடிவா எழுதித்தான் கிடக்கு.

இன்னொண்டு, சோயா மீற்றைக் கண்டபடி திட்டாதேங்கோ, காய்ஞ்ச நிறையில பாதிக்குக் கிட்டப் புரதம். கிழமைக்கு ஒருநாள் எண்டா நானே சாப்பிடுவன். ஆனா மூண்டு நாள் எண்டா, ஓம், அலுக்கும்.

கேள்வி: 1956 இல காமராசர் மதிய உணவு தொடக்கினார், 1982 இல எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். கடலுக்கு அங்கால அவையால முடிஞ்சது எங்களால ஏன் முடியேல்லை?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், கரவெட்டி

பதில்: சேர், இஞ்சயும் பிள்ளையளுக்கு ஒண்டும் குடுக்கேல்லை எண்டில்லை. பள்ளிக்கூடத்துப் பணிசுக்கு லைன்ல நிண்ட சனத்தில நானும் ஒராள், அந்த வாசம் இப்பவும் மூக்குக்க நிக்குது. ஆனா பணிஸ் பேக்கரியில இருந்து வரும், சமைச்ச சோறுக்கு அடுப்பும் ஆளும் வேணும். தமிழ்நாட்டில அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் எண்டு பதவி போட்டு, சமைக்கிற ஆளுக்கு அரசாங்கமே மாசம் மாசம் சம்பளம் குடுக்குது, அரிசி பருப்புக் கணக்கு வேற, சமைக்கிற கூலிக் கணக்கு வேற. இஞ்ச அந்த 110 ரூபாவுக்குள்ளதான் சாமான், விறகு, ஓட்டோக் காசு, அந்த அக்கான்ர உழைப்பு எல்லாம். தேங்காய் விலை ஏறினா முதல்ல குறையிறது அவவின்ர கூலி, அதுக்குப் பிறகுதான் கறி.

பிரேசிலைப் பற்றியும் சொல்லவேணும். 2009 இல அங்க ஒரு சட்டம் கொண்டு வந்தவை, பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு மத்திய அரசாங்கம் குடுக்கிற காசில குறைஞ்சது 30 வீதத்துக்குச் சின்னத் தோட்டக்காரரிட்டத்தான் சாமான் வாங்க வேணும் எண்டு. எங்கட ஆக்கள் பூசணி விளைஞ்சு விலைப்படாமல் மாட்டுக்குப் போடேக்க எனக்கு அதுதான் ஞாபகம் வாறது.

கேள்வி: எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் நாங்கள் கனடாவில கொஞ்சக் காசு சேர்த்திருக்கிறம். ஒரு வருஷத்துக்குப் பிள்ளையளுக்குத் தினமும் முட்டையும் வாழைப்பழமும் குடுக்கலாம் எண்டு யோசனை. உங்கட அபிப்பிராயம்?
- ஒரு அண்ணை, ஸ்காபுரோ

பதில்: நல்ல மனசு அண்ணை, ஆனா அடுத்த வருஷம்? பழகின பிள்ளை "முட்டை எங்க மிஸ்" எண்டு கேக்கும், மிஸ் உங்களுக்குப் போன் அடிப்பா, நீங்கள் அங்க பனிக்குள்ள நிண்டு என்ன சொல்லப்போறியள்?

ஒவ்வொரு நாளும் தட்டில விழுற காசு அரசாங்கத்தின்ர பொறுப்பு, அதை நீங்கள் எடுத்தா அவை கையைக் கழுவிப்போடுவினம். நீங்கள் அடுப்படியைப் பாருங்கோ. கலிபோர்னியாவில 2022 இல 600 மில்லியன் டொலர் ஒதுக்கினவை, பள்ளிக்கூடக் குசினிக்குச் சாமான் வாங்கவும் சமைக்கிற ஆக்களைப் பழக்கவும். பெட்டியில வாறதைச் சூடாக்கிக் குடுக்கிற இடமாக் குசினி சுருங்கிப்போனா புதுச் சமையல் எப்பிடி வரும்? ஜப்பானில 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குசினியும் சமையலாளின்ர சம்பளமும் பொதுக் காசில, சாமான் காசு மட்டும் தாய் தேப்பன். இப்ப கன ஊர்களில அதையும் எடுக்கிறேல்லை.

உங்களுக்கு நான் சொல்லுறது ரெண்டு. பள்ளிக்கூடத்துக்குள்ள புகை போக்கியோட ஒரு நல்ல அடுப்படி, தண்ணிப் பைப், கழுவுற தொட்டி, எலி போகாத அலுமாரி, இது ஒருக்காச் செய்தாக் கனகாலம் நிக்கும். மற்றது சுழல் நிதி. ஒரு ரெண்டரை மூண்டு லட்சம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின்ர கணக்கில போட்டு விடுங்கோ, சமைக்கிற அக்காவுக்குக் கிழமைக்குக் கிழமை அதில இருந்து காசு போகட்டும், அரசாங்கக் காசு வந்த உடனை அதுக்குள்ளயே திரும்ப விழட்டும். ரெண்டு பேர் கையெழுத்து, மாசம் ஒருக்கா நோட்டீஸ் போட்டில கணக்கு. காசு செலவழியாது, சுத்திக்கொண்டு நிக்கும், அந்த அக்கா மூலைக்கடைக்குப் போகாமல் திருநெல்வேலிச் சந்தைக்குப் போவா.

பெயர்ப்பலகை வைக்கிறதெண்டா அடுப்படியை விடச் சின்னனா வையுங்கோ. நான் பெரிசாக் கண்டிருக்கிறன்.

கேள்வி: இந்தக் கரைச்சல் எல்லாம் ஏன், அந்த 110 ரூபாவைப் பெற்றோரின்ர கையில குடுத்தா முடிஞ்சுது தானே?
- நெல்லியடி வாசகர்

பதில்: தம்பி, 110 ரூபாவோட கன்ரீனுக்குப் போற பிள்ளை ஒரு ரோல்ஸோட திரும்பி வரும். 2022 பொருளாதார நெருக்கடியில காலமை வெறும் வயித்தோட வந்து பிரார்த்தனைக்கு நிண்ட பிள்ளையளை மறந்துபோனியளோ?

கேள்வி: முருங்கையிலை வறையைக் கண்டாலே மகள் தட்டைத் தள்ளி வைக்கிறாள். கசக்குதாம். பள்ளிக்கூடத்தில குடுத்தாலும் அப்பிடியே திரும்பி வருகுது.
- ஒரு அம்மா, கொடிகாமம்

பதில்: முத்தின இலை கசக்கும், கொழுந்து இலையா எடுங்கோ. வெங்காயத்தை வதக்கி, இலையைப் போட்டு ரெண்டு பிரட்டு, ஒரு முட்டையை உடைச்சு ஊத்திக் கிளறி, தேங்காய்ப்பூவைத் தூவி இறக்குங்கோ, முட்டை வாசத்தில அரைவாசிப் பிள்ளையள் இலையைக் கவனிக்காதுகள். சாப்பிட்ட உடனை தேத்தண்ணி குடுக்காதேங்கோ, இலையில இருக்கிற இரும்பைத் தேயிலை பிடிச்சு வைச்சிடும். தேசிக்காய் நல்லது, அது இரும்பைச் சேர வைக்கும். ஆனா சட்டியை இறக்கின பிறகு விடுங்கோ, அடுப்பில விட்டாக் கைக்கும், பேந்து அவள் சொல்லுறது சரியாப் போயிடும்.