டொலி பார்ட்டனின் நற்பணி ஏன் இத்தனை வருடம் நிலைக்கிறது? கொழும்பில் பாட்டெழுதிப் பாடும் ஒருவர் அதைச் செய்ய முடியுமா?

கேள்வி இதுதான்: அமெரிக்கப் பாடகி டொலி பார்ட்டன் பாட்டெழுதிச் சம்பாதித்ததற்கும், பிள்ளைகளுக்குப் புத்தகம் அனுப்புவது போன்று அவர் செய்யும் தருமத்துக்கும் என்ன தொடர்பு, கொழும்பில் சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடும் ஒருவர் அதைச் சிறிய அளவிலாவது பின்பற்ற முடியுமா?

முடியும். ஆனால் பலர் நினைப்பதுபோல் மேடைக் கச்சேரியில் தொடங்கி அல்ல. ஒரு கச்சேரிக் காசு ஒரு தடவைதான் வரும். எழுதிய பாட்டு கைவிட்டுப் போகாமல் இருந்தால், வேறு யார் பாடினாலும் காசு வந்துகொண்டே இருக்கும். டொலியின் கதையில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அவர் பிறந்தது 1946 ஜனவரி 19, அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில், செவியர் என்ற மலைப்பகுதி மாவட்டத்தில். பன்னிரண்டு பிள்ளைகளில் நாலாவது. புகையிலைத் தோட்டம் செய்த தகப்பனுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. 1964இல் பள்ளிக்கூடம் முடித்த மறுநாளே நாஷ்வில் நகரத்துக்குப் போனார். 1966இல் தாய்மாமன் பில் ஓவென்சுடன் சேர்ந்து பாட்டுகளின் உரிமையை வைத்து அவற்றுக்கு வரும் காசைத் திரட்டும் பதிப்புக் கம்பனி ஒன்றைத் தொடங்கினார். அப்போது வயது இருபது. மறுவருடம்தான் பாடகர் போர்ட்டர் வாகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. 1974இல் அங்கிருந்து விலகுமுன் வாகனருக்கு விடை சொல்ல எழுதிய பாட்டுத்தான் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’.

எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட விரும்பினார். அவருடைய முகாமையாளர் ரொம் பார்க்கர், பாட்டின் பதிப்பாளர் பங்கில் பாதியைத் தந்தால்தான் பதிவு என்றார். டொலி மறுத்துவிட்டார். எல்விஸ் அதைப் பதிவு செய்யவே இல்லை. 1992இல் பாடகி விட்னி ஹூஸ்டன் பாடியபோது அமெரிக்கத் தரவரிசையில் 14 வாரம் முதலிடத்தில் நின்றது.

இந்த இடத்தில் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஒரு பாட்டின் வருமானத்தை வழக்கமாக எழுதியவர் பங்கு, பதிப்பாளர் பங்கு என்று சரிபாதியாகப் பிரிப்பார்கள். பதிப்பாளர் பங்கில் பாதியைக் கொடுத்தால், அந்தப் பதிவின் பாட்டு வருமானத்தில் காற்பங்கு போகும். 1992இல் அமெரிக்கச் சட்டம் வைத்திருந்த விகிதம், விற்கும் ஒரு பிரதிக்குப் பாட்டொன்றுக்கு 6.25 அமெரிக்கச் சதம். ஒரு இலட்சம் பிரதி விற்றால் 6,250 டொலர். அந்த இசைத்தட்டு விற்றது கோடிக்கணக்கில். அதோடு அமெரிக்காவின் சாதாரண வானொலியில் ஒரு பதிவு ஒலித்தால் பாடியவருக்குச் சட்டப்படி ஒன்றும் கிடையாது. எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான் காசு. விட்னியின் குரல் வானொலியில் ஒலித்த ஒவ்வொரு தடவையும் வருமானம் டொலி பக்கம் போனதற்கு இதுவே காரணம். இருபது வயதில் திறந்த அந்தச் சின்னக் கம்பனி செய்த வேலை அது.

தருமத்துக்கு வருவோம். 1986இல் சொந்த மாவட்டத்தில் அவருடைய டொலிவூட் கேளிக்கைப் பூங்கா திறந்தது. 1988இல் அதன் பெயரில் அறக்கட்டளை. முதலில் எடுத்த பிரச்சினை, பள்ளிக்கூடத்தை இடையில் விடும் பிள்ளைகள். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, இருவருமே உயர்நிலைப் பள்ளியை முடித்தால் ஆளுக்கு 500 டொலர் என்று வாக்குக் கொடுத்தார்கள். ஒருவர் விட்டால் மற்றவருக்கும் இல்லை. அந்த வகுப்புகளில் இடைவிலகல் 35 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக இறங்கியது. காசைவிடச் சிநேகிதனை இழுத்துக்கொண்டு போகும் கடமைதான் வேலை செய்தது என்பது என் கருத்து.

1995இல் வந்ததுதான் இமேஜினேஷன் லைப்ரரி. பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரை, மாதம் ஒரு புத்தகம், பிள்ளையின் பெயருக்கே தபாலில். பிறந்தவுடன் பதிந்தால் அறுபது புத்தகம். வருமானம் கேட்பதில்லை, வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் வரும், இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் வரும். முதல் தொகுதி 1,700 சொச்சம் புத்தகம்தான். இன்று அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, அயர்லாந்து என்று ஐந்து நாடுகள். கொடுத்தது 20 கோடியைத் தாண்டிவிட்டது.

இது அவர் ஒருவரின் காசில் நடப்பது என்று பலர் எழுதுகிறார்கள். அது பிழை. புத்தகத் தெரிவு, மொத்த விலை பேசுவது, பிள்ளைகளின் பதிவேடு, நிர்வாகம் எல்லாம் அறக்கட்டளையின் செலவு. புத்தகத்துக்கும் தபாலுக்கும் ஆகும் காசை அந்தந்த ஊர் அமைப்பு திரட்ட வேண்டும்; பிள்ளைகளைப் பதிவதும் ஊராரின் வேலை. அவருடைய பெயரும் காசும் நடுவிலுள்ள இயந்திரத்தை ஓட்டுகின்றன, ஊர் தன் பிள்ளைக்குச் செலவழிக்கிறது. எல்லாவற்றையும் அவரே கட்டியிருந்தால் அது செவியர் மாவட்டத்தைத் தாண்டியிருக்காது.

2016 நவம்பரில் அதே மாவட்டத்தில் காட்டுத்தீ வந்தபோதும் அவர் எளிய அளவு ஒன்றையே வைத்தார்: வீடிழந்த குடும்பத்துக்கு மாதம் 1,000 டொலர், ஆறு மாதம். எதற்குச் செலவழித்தாய் என்ற கேள்வி இல்லை. காசு மிஞ்சியதால் கடைசி மாதம் 5,000 ஆகக் கொடுத்தார்கள். குறைவாக வாக்குக் கொடுத்துக் கூட்டிக் கொடுத்த அந்த ஒழுங்கை நான் மிகவும் மதிக்கிறேன். நம் ஊரில் பெரும்பாலும் மறுவளமாகத்தான் நடக்கிறது.

இனிக் கொழும்பு.

முதலில் பாட்டு. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவுடனேயே பதிப்புரிமை உங்களுடையது. எங்கும் பதியத் தேவையில்லை. ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 வருடமும் அது இருக்கும். சிக்கல் வருவது வேறு இடத்தில். ஒரு பாட்டில் வரி, மெட்டு, ஒலிப்பதிவு என்று மூன்று தனிச் சொத்து உண்டு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு ஸ்டூடியோவில் பாட்டைப் பதியும்போது, கீபோர்ட் வாசிப்பவர் இடையிசை போடுவார், ஸ்டூடியோக்காரர் மணிக்கணக்கை விட்டுக்கொடுப்பார், சிநேகிதர் இரண்டு வரியைத் திருத்துவார். பாட்டு ஓடாதவரை எல்லாரும் அண்ணன் தம்பி. ஓடினால் மூன்று பேரும் உரிமை கேட்பார்கள். யாரும் பொய் சொல்லவும் மாட்டார்கள்.

அதனால் பதிவு முடிந்த அன்றைக்கே, கலைந்து போகுமுன், ஒரு தாளில் எழுதுங்கள்: பாட்டின் பெயர், முதல் வரி, திகதி; வரிக்கு யார் எத்தனை வீதம், மெட்டுக்கு யார் எத்தனை வீதம், ஒலிப்பதிவு யாருடையது; ஸ்டூடியோவுக்குக் கொடுத்த காசு கூலியா பங்கா; எல்லாருடைய முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம். கூட்டினால் நூறு வர வேண்டும். உரிமையை ஒருவருக்கு மாற்றுவதானால் இரு தரப்பும் ஒப்பமிட்ட எழுத்து வேண்டும், வாய்ப்பேச்சு நிற்காது.

இணையத்தில் பாட்டைப் போடும்போது இன்னொரு ஓட்டை. ஸ்பொட்டிஃபை, யூடியூப் மியூசிக் போன்றவற்றுக்கு உங்கள் பாட்டை அனுப்பும் விநியோகக் கம்பனி சேர்ப்பது பெரும்பாலும் ஒலிப்பதிவின் வருமானத்தை மட்டுமே. வரிக்கும் மெட்டுக்கும் உரிய பங்கைத் தனியாகப் பதிந்தால்தான் எடுக்கலாம். டொலியைக் காப்பாற்றியது அந்தப் பங்குதான், நம் பாடகர்கள் அதிகம் விடுவதும் அதையே. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த தாளத்துண்டைப் பாட்டில் சேர்த்திருந்தால், யூடியூபின் தானியங்கி உரிமைக்கோரலில் பாட்டைப் பதியாதீர்கள். அதே துண்டை எடுத்த இன்னொருவரின் காணொளியில் உங்கள் உரிமைக்கோரல் போய் விழும், பிறகு தடை வரும். யூடியூப் கேட்கும் வருமான வரிப் படிவத்தையும் முழுதாக நிரப்புங்கள். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் வரி உடன்பாடு இருக்கிறது. அதைக் கோரும் பகுதியை வெறுமையாக விட்டால் அமெரிக்கப் பார்வையாளர்களால் வரும் வருமானத்தில் 30 சதவீதம் வெட்டுப்படும்.

அடுத்தது தருமக் காசு எங்கே கிடக்கும் என்பது. உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் ஒரு ரூபாயும் வேண்டாம். பதிவான ஒரு சங்கத்தின் பெயரில், இருவர் ஒப்பமிட்டால்தான் காசு எடுக்கலாம் என்ற தனிக் கணக்கு. புதிதாகச் சங்கம் தொடங்குவதைவிட, ஏற்கெனவே பதிவுள்ள வாசிகசாலையோ பழைய மாணவர் சங்கமோ தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டால் ஒரு வருட அலைச்சல் மிச்சம். கச்சேரியும் வைப்பதானால், நுழைவுச்சீட்டு விற்கத் தொடங்குமுன் மாநகர சபையில் களியாட்ட வரியைப் பேசி முடியுங்கள். தருமக் கச்சேரி என்பதால் விலக்குக் கேட்பதும் முன்கூட்டியே எழுத்தில் நடக்க வேண்டும். 1971இல் பீட்டில்ஸ் இசைக்குழுவில் இருந்த ஜோர்ஜ் ஹாரிசன் நியூயோர்க்கில் பங்களாதேஷுக்காக நடத்திய கச்சேரியில் சீட்டுக் காசு 2,43,418 டொலர் யுனிசெப்புக்குப் போய்ச் சேர்ந்தது. இசைத்தட்டால் வந்த பெருந்தொகையோ, வரிவிலக்கை முதலே ஒழுங்கு செய்யாததால், வருடக்கணக்கில் சிக்கிக் கிடந்தது. பசித்த பிள்ளைக்கு எடுத்த காசு, ஒரு கடிதம் பிந்தியதால்.

புத்தகத்தை எப்படிக் கொடுப்பது? இருபது பிள்ளையோடு தொடங்குங்கள். இருபது பேருக்கு வருடம் 240 புத்தகம். ஒரு புத்தகத்தின் விலை, உறை, தபால் மூன்றையும் கூட்டி 240ஆல் பெருக்குங்கள். முழுத் தொகையும் கணக்கில் விழுந்த பிறகுதான் முதல் புத்தகம் போக வேண்டும். நாலாம் மாதத்தில் நின்றுபோன புத்தகம், தராமலே விட்டதைவிட அந்தப் பிள்ளையை அதிகம் நோகடிக்கும். விலை ஏறும் காலத்தில் பத்திலொரு பங்கு கூட வைத்திருங்கள்.

பிள்ளைகளைத் தேட, பகுதியின் குடும்பநல உத்தியோகத்தரை அணுகலாம். தன் பகுதியில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் அவருடைய பதிவேட்டில் இருக்கும். அந்தப் பட்டியலைக் கேட்காதீர்கள். அவர் தரவும் கூடாது. உங்கள் விண்ணப்பத் தாளைக் கிளினிக் நாளில் தாய்மாரிடம் கொடுக்கலாமா என்று மேலதிகாரியிடம் அனுமதி எடுங்கள். விரும்பிய தாய் தானே நிரப்பித் தரட்டும்.

முகவரிதான் கொழும்பில் பெரிய தலையிடி. கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கத்தில் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில் ஒரே இலக்கத்துக்குக் கீழே சாய்கோடு போட்டு எத்தனையோ வீடு. ‘134/27’ என்பதில் 27ஐ விட்டால் புத்தகம் வாசலோடு நின்றுவிடும். வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் பெயர் தெரியாவிட்டால் காவலாளியின் மேசையிலேயே கிடக்கும். அதனால் உறையில் பிள்ளையின் பெயர், கீழே தாய் அல்லது தகப்பனின் பெயர், தொலைபேசி இலக்கம். வாடகை வீட்டுக்காரர் அடிக்கடி மாறுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அழைத்து முகவரியைச் சரிபாருங்கள். திரும்பி வரும் உறையை எறியாமல் திகதி போட்டு வையுங்கள். எந்த ஒழுங்கையில் ஓட்டை என்பதை அதுதான் காட்டும்.

ஒரு வயதுக்குள் கெட்டி அட்டைப் புத்தகம் வேண்டும், மெல்லிய தாள் ஒரு கிழமையில் வாய்க்குள் போய்விடும். தமிழில் அப்படி வருபவை குறைவு. பெரும்பகுதி சென்னையிலிருந்து வருகிறது. அதில் நாற்காலி, சோப்பு, ஆரஞ்சு என்றிருக்கும். நம் வீட்டில் கதிரை, சவர்க்காரம், தோடம்பழம். படத்தைக் காட்டிப் பெயர் சொல்லும் வயதில் இது தடங்கல். நம் சொல்லைப் பெரிய எழுத்தில் சின்ன ஒட்டுத்தாளாக அச்சடித்து அதே பக்கத்தில் ஒட்டி அனுப்பலாம். இருபது புத்தகத்துக்கு ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. எந்த மொழிப் புத்தகம் வேண்டும் என்றும் விண்ணப்பத்தில் கேளுங்கள். தகப்பன் சிங்களம், தாய் தமிழ் என்ற வீடுகள் இங்கே நிறைய.

பிள்ளையை மேடையேற்றிப் படம் எடுக்கவே வேண்டாம். புத்தகம் தபாலில் வருவதன் பொருளே அதுதான்: கதவடியில் தன் பெயரோடு வந்த பொதியைப் பிரிக்கும் பிள்ளை யாருக்கும் நன்றி சொல்லி நிற்க வேண்டியதில்லை.

ஐந்தாவது பிறந்தநாள் வரும் மாதம் கடைசிப் புத்தகம். அதை ஒரு மாதம் முன்பே தாய்க்கு அறிவித்துவிட்டு, அந்த இடத்தைக் காத்திருப்போர் பட்டியலில் வயது குறைந்த பிள்ளைக்குக் கொடுங்கள்.