மகன் படிப்புக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராயில் இருக்கிறோம். கணவர் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார், வயது 45. மகன் எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டான். மலாய், வரலாறு, கணிதம் உட்பட ஐந்து பாடங்களில் கிரெடிட் (நல்ல தேர்ச்சி). கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் வணிக நிர்வாக டிப்ளமோவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டரை வருடத்துக்கு 28,000 வெள்ளி (ரிங்கிட்). பதிவுக்கு 500 கட்டிவிட்டோம். கணவரின் சேமநிதியிலிருந்து (ஓய்வுக்காலச் சேமிப்பு) 12,000 எடுத்து, என் நகையை 8,000-க்கு அடகு வைத்து, மீதிக்குக் கடன் வாங்கலாமா? மகனுக்கு மோட்டார் கழற்றி மாட்டுவதில்தான் ஆசை. "தோட்டத்தை விட்டு வந்தும் பேக்டரி வேலைதானா?" என்கிறார் கணவர்.

பதில்: அம்மா, நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குப் போகாதீர்கள். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

கல்லூரி சொன்னது 28,000. அறை வாடகை 450, சாப்பாடும் பஸ்ஸும் 600 என்றே வைத்தாலும் மாதம் 1,050. முப்பது மாதத்துக்கு 31,500. ஆக 59,500 வெள்ளி. அடகுக்கடை மாதம் இரண்டு சதவிகிதம் வரை வட்டி வாங்கலாம், அதாவது உங்கள் 8,000-க்கு மாதம் 160. சேமநிதி 2024-க்குக் கொடுத்த லாப ஈவு 6.3 சதவிகிதம். நான் ஐந்து என்று குறைத்தே போடுகிறேன்: அந்த 12,000-ஐத் தொடாமல் விட்டால் கணவருக்கு 60 வயதாகும்போது ஏறக்குறைய 25,000 ஆகியிருக்கும். லாரி ஓட்டி முதுகு தேய்ந்தவரின் கடைசிக்காலப் பணம் அது.

சரி, இவ்வளவு கொட்டிப் படித்துவிட்டு எங்கே வேலைக்குப் போவான்? இதை யாரும் உங்களிடம் கேட்கவில்லை என்பதுதான் என் வருத்தம். உங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வரும் தூரத்தில் கூலிம் ஹைடெக் பார்க் என்ற தொழிற்பேட்டை இருக்கிறது. 1996-இல் திறந்தது. இன்டெல், இன்ஃபினியோன் போன்ற சிப் கம்பெனிகள் எல்லாம் அங்கே. இன்ஃபினியோன் 2024-இல் சிலிக்கன் கார்பைட் சிப் செய்யும் புதிய ஆலையையும் திறந்தது. அதே ஆண்டு அரசாங்கம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் (சிப் தொழில்) திட்டத்தில் 60,000 பொறியாளர்களைத் தயார்செய்வது ஓர் இலக்கு. வேலை உங்கள் பக்கம் வந்திருக்கிறது, பிள்ளையைப் படிக்க எதிர்த்திசைக்கு அனுப்பப் பார்க்கிறீர்கள்.

கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆப்பரேட்டர் வேறு, டெக்னீஷியன் வேறு. மெஷினில் பொருளைப் போட்டு எடுப்பவர் ஆப்பரேட்டர்; அடிப்படைச் சம்பளம் பெரும்பாலும் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 1,700-ஐ ஒட்டியே இருக்கும், ஓவர்டைம்தான் தாங்கும். மெஷின் நின்றுபோனால் ஓடிவந்து, மூடியைத் திறந்து, எந்த சென்சார் போனது என்று பார்ப்பவர் டெக்னீஷியன். அவருக்குத்தான் டிப்ளமோ வேண்டும், மேலே ஏறவும் வழியுண்டு. மோட்டார் கழற்றும் பையனுக்கு எது பொருந்தும் என்று நீங்களே சொல்லுங்கள்.

கூலிமிலேயே துவாங்கு சுல்தானா பாஹியா பாலிடெக்னிக் இருக்கிறது. மின், இயந்திரப் பொறியியல் டிப்ளமோக்கள் உண்டு. அரசாங்கக் கல்லூரி, கட்டணம் ஒரு பருவத்துக்கு (செமஸ்டர்) சில நூறு வெள்ளிதான். தொழிற்பயிற்சிக்கு ஒரு பருவம் கம்பெனிக்கே அனுப்புவார்கள். ஐந்து கிரெடிட் விண்ணப்பிக்கத் தாராளம், யூ.பி.யூ. என்ற அரசாங்க இணைய விண்ணப்பம் வழியாகப் போடச் சொல்லுங்கள். இடம் கிடைக்காவிட்டால் பினாங்கின் புக்கிட் மிஞ்ஞாக்கில் ஜப்பான்-மலேசியத் தொழில்நுட்பக் கழகம், பாயான் லெப்பாசில் 1989-இல் தொழிற்சாலைகளும் பினாங்கு அரசும் சேர்ந்து தொடங்கிய திறன் மேம்பாட்டு மையம் என்று வழிகள் உண்டு. எஸ்.எல்.டி.என். என்ற இரட்டைப் பயிற்சி முறையில் கம்பெனியிலேயே பெரும்பகுதி நேரம் பயின்று, அலவன்ஸ் வாங்கிக்கொண்டே எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழும் எடுக்கலாம்.

எங்கே சேர்ந்தாலும், பணம் கட்டுவதற்கு முன் அந்தப் படிப்புக்கு எம்.க்யூ.ஏ. (கல்வித் தகுதி அமைப்பு) அல்லது ஜே.பி.கே. (திறன் மேம்பாட்டுத் துறை) அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பாலிடெக்னிக் செலவுக்குப் போதாவிட்டால் பி.டி.பி.டி.என். (அரசாங்க உயர்கல்வி நிதி) கடன் ஆண்டுக்கு ஒரு சதவிகிதம்தான். அடகு வட்டியோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. அதற்கு முன் மகன் பெயரில் எஸ்.எஸ்.பி.என். என்ற கல்விச் சேமிப்புக் கணக்குத் திறந்திருக்க வேண்டும்.

அப்புறம், இந்த வாரமே மகனை உட்கார வைத்து, கூலிமில் டெக்னீஷியன் கேட்டு வந்திருக்கும் இருபது விளம்பரங்களைப் படிக்கச் சொல்லுங்கள். எந்த டிப்ளமோவைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று அவன் எழுதி, அப்பாவிடம் காட்டட்டும். கட்டிய 500 வெள்ளி திரும்பக் கிடைக்குமா என்று கல்லூரியில் கேட்டுப்பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள் அம்மா. அதற்காக மீதி 59,000-ஐக் கட்ட வேண்டாம்.